தவமணியின் விரல்

2024 ஒக்டோபர் 5, சனி

தவமணியின் கல்வெட்டுக்குப் படம் வந்துவிட்டது. அவள் செத்த முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். ஸ்டூடியோக்காரன் என் மனைவியின் தலையை யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டியிருக்கிறான். மடியில் வழவழவென்று இரண்டு கைகள். யாருடையவை?

"அம்மன் மாதிரி இருக்கிறாள், மச்சான்," என்றார் அவளுடைய அண்ணன் மகேஸ்வரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒக்டோபர் 6

வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன் என்று மகள் நிலாணி மியூசியத்துக்கு இழுத்துப் போனாள். இத்தாலியிலிருந்து காட்சிக்கு வந்த ஒரு கத்தோலிக்க ஆயரின் கல்லறை. எழுநூறு வருசப் பழசு, முழுக்கப் பளிங்கு. அப்படியே நின்றுவிட்டேன்.

கல்லறை மேல் ஆயரே கல்லாகப் படுத்திருக்கிறார்; தலையில் மகுடம், பக்கத்தில் செங்கோல், எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் கைகள்! நரம்பு புடைத்து, வீங்கிய மூட்டில் மோதிரம் இறுகி — கல்லா இது? தொட்டால் சூடாக இருக்கும் போலிருந்தது. மேலே இரண்டு தேவதூதர்கள் துணியில் ஒரு குழந்தையை ஏந்திப் போகிறார்கள்.

"அது அவரின்ரை ஆன்மா, அப்பா. அப்பிடித்தான் செதுக்கிறவையாம்."

அவ்வளவு பெரிய மனிதர், கடைசியில் கைக்குழந்தை. கீழே வரிசையாக அழுகிறவர்கள். ஒருவன் போர்வையால் முகத்தை மூடியிருக்கிறான். முகமே தெரியவில்லை, ஆனாலும் அழுகிறான் என்று தெரிகிறது, எப்படி?

ஆயருக்கே வேறு கை ஒட்டவில்லை. என்ரை தவமணிக்கு ஏன்?

ஒக்டோபர் 7

மகேஸ்வரனிடம் சொல்லிவிட்டேன். பட்டு வேண்டாம், அவள் பல்கனியில் குந்தியிருந்து முருங்கையிலை உருவுகிற படம் போதும்.

"வீட்டுச் சட்டையோடயோ? சனம் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். அது அவளின்ரை கை."

போனை வைத்துவிட்டார். முப்பத்தொன்றுக்கு வராமல் விட்டால்? அவளுக்கிருந்த ஒரே கூடப்பிறப்பு. ஐயோ.

ஒக்டோபர் 8

அச்சுக்குக் கொடுத்தாயிற்று.

ஒக்டோபர் 20, ஞாயிறு

முப்பத்தொன்று. மகேஸ்வரன் வந்தார். என்னைத் தாண்டிப் போய்க் கதிரையில் இருந்தார். புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தார்.

தவமணியோடு பார்க்டேல் தையல் பக்டரியில் வேலை செய்த எமில்டா பக்கத்தில் இருந்தா. அட்டைப் படத்தில் தவமணியின் வளைந்த சுட்டுவிரலைத் தொட்டா.

"மெசின் ஊசி ஏறின விரல். அடுத்த நாளே கட்டோட வேலைக்கு வந்தவ. அண்ணையைக் கனடாவுக்குக் கூப்பிடக் காசு சேர்க்கோணுமாம், லீவு எடுக்க ஏலாதாம்."

மகேஸ்வரன் புத்தகத்தை மெல்லத் திருப்பினார். கனநேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.