ஈரம் குடித்த லாந்தனம்

1999 ஜூலை 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாங்கனீசு இருந்த இடத்தில் ருத்தீனியத்தை வைத்தால் காந்தம் ஏன் இவ்வளவு ஒழுங்காக ஏறுகிறது? தெரியவில்லை. எங்கள் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் காரணத்தை எழுதியவள் நான்தான். இன்று படித்தபோது வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது.

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்துவிட்டது. பிழை திருத்த அச்சுப்படி ஆகஸ்ட் தொடக்கத்தில் வருமாம். கோமதி கடிதத்தை வாசித்துவிட்டு வராந்தாவில் போய் நின்றாள். அழுதிருப்பாள். என்னிடம் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிற பெண். இங்கே விதி, ஒரு கட்டுரையாவது அச்சுக்குப் போகாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. உதவித்தொகை இந்த ஆகஸ்டோடு சரி. ஆக, இந்தக் கட்டுரைதான் அவளுக்குப் பட்டம்.

பொம்மனஹள்ளியில் அவள் தெருவில் இப்போதே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் இருமலுக்கு மருந்து கேட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

துறைத்தலைவர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். நெய் பழசு.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஐந்து புள்ளிகள். ருத்தீனியம் இல்லாதது முதல், அதிகம் உள்ளது கடைசி. ஐந்தும் ஒரே கோட்டில். நான் பார்த்தவரை இந்தப் பொருள்கள் இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்பவை அல்ல.

காஸ் சிலிண்டர் பதிய வேண்டும். முட்டிக்குத் தைலம். குளியலறை பல்ப்.

ஜூலை 14, புதன்

மழை விடவில்லை. சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் முழங்கால்வரை தெறித்த சேறு. இரண்டாவது பேருந்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவள் இறங்கும்வரை மருமகளைப் பற்றியே பேசினாள்: "வாயே தொறக்காது. ஆனா எல்லாம் அது நெனச்சபடிதான் நடக்கும்."

வேறு வேலைக்காக லாந்தனம் ஆக்சைடு புட்டியைத் திறந்தேன். முகப்பவுடர் மாதிரி இருக்கவேண்டிய பொடி. கரண்டியால் குத்தியபோது கட்டி கட்டியாக வந்தது, மழைக்காலத்து உப்பைப்போல.

லாந்தனம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் முதலில் உலையில் நன்றாகச் சுடவேண்டும், உலர்கலத்தில் ஆறவைக்கவேண்டும், ஆறியதும் எடை போடவேண்டும். சேரும் மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவது.

கோமதியிடம் கேட்டேன். ஆரம்பத்தில் சுட்டாளாம். பிறகு உலையைப் பக்கத்துக் குழு எடுத்துக்கொண்டது. அப்போதிருந்த மூத்த மாணவர் ஒருவர், இப்போது ஜெர்மனியில், புதுப் புட்டிக்கு அதெல்லாம் தேவையில்லை என்றாராம்.

"லேபிள்லயே தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது ஒம்பதுன்னு போட்டிருக்கே மேடம்."

அது மற்ற உலோகங்கள் கலக்கவில்லை என்பதற்கான கணக்கு. தண்ணீரை அதில் யாரும் சேர்ப்பதில்லை. சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. எல்லா மாதிரிகளுக்கும் ஒரே புட்டிதானே, பிழையும் ஒரே அளவாகத்தானே இருக்கும் என்றாள். நல்ல பதில். நானும் அந்த வயதில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எந்த வரிசையில் செய்தாய் என்று கேட்டேன்.

"வரிசையாத்தான். சைஃபர்லேர்ந்து ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா."

எப்போது?

"போன வருஷம் மார்ச்ல முதல் சாம்பிள். கடைசி, அக்டோபர்."

புட்டியை மூடி எடுத்து வைத்தேன். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 15, வியாழன்

புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து எடை போட்டேன். சுட்டேன். ஆறியதும் மறுபடி எடை. குறைந்திருந்தது. குறைவு என்ற சொல் போதாது. எழுத மனம் வரவில்லை.

எனக்காகவே தெளிவாக எழுதி வைக்கிறேன்:

எங்கள் பொருள் அடுக்கடுக்கானது. மாங்கனீசும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு தாள்கள், பிறகு அவற்றைப் பிரிக்கும் ஒரு தடுப்பு, மறுபடி இரண்டு தாள்கள். தடுப்பில் இருப்பவை லாந்தனமும் ஸ்ட்ரான்சியமும். அளவு சரியாக இருந்தால் இரண்டிரண்டாக அடுக்கும். ஈரமான லாந்தனத்தை எடை போட்டால் எடையில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போய்விடும், லாந்தனம் குறையும். குறைந்தால் அங்கங்கே தடுப்பு தவறி, மூன்று, நான்கு தாள்கள் ஒட்டிக்கொண்டு வளரும். எக்ஸ்ரேயில் தெரியாத அளவு. ஆனால் அப்படித் தடித்த இடங்கள் அறை வெப்பத்திலேயே காந்தமாகும்.

மார்ச்: புட்டி புதிது, வெயில். ருத்தீனியம் இல்லை. காந்தமும் இல்லை.
அக்டோபர்: புட்டி ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்து மூடியது. ருத்தீனியம் அதிகம். காந்தமும் அதிகம்.

இரண்டு சேர்ந்து ஏறியிருக்கின்றன. கட்டுரையில் ஒன்றுதான் இருக்கிறது.

இது ஊகம்தான். செய்து பார்க்காமல் யாரையும் எதுவும் சொல்வதற்கில்லை. இரண்டு மாதிரிகள் போதும். ஒன்று: ருத்தீனியம் அதிகம், சுட்ட லாந்தனம். இன்னொன்று: ருத்தீனியமே இல்லை, புட்டியிலிருந்து அப்படியே எடுத்த லாந்தனம். ருத்தீனியம்தான் காரணம் என்றால் முதலாவது காந்தமாகும், இரண்டாவது ஆகாது. புட்டி என்றால் தலைகீழ்.

கோமதியிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, தானே அரைப்பதாகச் சொன்னாள். அகேட் கல் உரலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை.

ஜூலை 23, வெள்ளி

கரண்ட் போய்ப் போய் வருகிறது. உலை பாதியில் ஆறிவிட்டதால் ஒரு சூடு வீண். மறுபடி அரைத்து, மறுபடி வைத்தோம். கோமதியின் கட்டைவிரலில் கொப்புளம்.

வீட்டுக்கார அம்மா கீழே துணி உலர்த்த இடமில்லாமல் எரிச்சலில் இருந்தார். ஏன் இவ்வளவு சோர்வு என்று என்னைக் கேட்டார். பொடியைக் கலக்கி, சுட்டு, அரைத்து, திரும்பவும் சுடுகிறோம் என்றேன்.

"இருவது வருஷமா மண்ணச் சுடறீங்க டீச்சரம்மா. செங்கல் சூளை போட்டிருந்தா அல்சூர்லயே நாலு வீடு கட்டியிருக்கலாம்."

நான் டீச்சர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பயனில்லை.

கோமதியின் அப்பா இன்று ஆய்வகத்துக்கு வந்தார். ஓசூர் ரோட்டில் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பாம், அவரும் அதில் ஒருவர். வீட்டில் அதை இன்னும் பேசுவதில்லை என்றார். மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்ததாகச் சொன்னாலும், உண்மையில் பட்டம் எப்போது என்று கேட்கத்தான் வந்தார். என்னிடம் கேட்கக் கூச்சம். உலையைப் பார்த்து, "எவ்ளோ டிகிரி போகும்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எங்கள் கம்பெனியில் இதைவிடப் பெரியது இருந்தது என்றார். போகும்போது கும்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

பால்காரருக்கு அடுத்த வாரம் முதல் அரை லிட்டர் போதும் என்று சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. இரண்டு மாதிரிகளையும் அளந்தோம்.

ருத்தீனியம் அதிகம், சுட்ட லாந்தனம்: அறை வெப்பத்தில் ஒன்றுமில்லை. திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்தபின்தான் கொஞ்சம் அசைந்தது.

ருத்தீனியமே இல்லாதது, ஈர லாந்தனம்: அறை வெப்பத்திலேயே காந்தம். சுவரில் இருக்கும் கடைசிப் புள்ளிக்கு மேல்.

கோமதி மாதிரியைக் கழற்றி, திருப்பி வைத்து, மறுபடி அளந்தாள். அதே. மூன்றாம் முறை அளக்கப் போனவளிடம் வேண்டாம் என்றேன்.

அச்சுப்படி இன்று வந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்ததுபோல. பெயர் வரிசை: கோமதி, நான், துறைத்தலைவர். என் பெயரில் ஒரு எழுத்துப்பிழை. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

என்னைப் பற்றியும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். அக்டோபரில் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலில் முதலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, புதன்

மறுபடி மழை. தலைவலி.

துறைத்தலைவரிடம் இரண்டு வரைபடங்களையும் காட்டினேன். மெதுவாகப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர், உடனே புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கன்னடத்துக்கு மாறினார். "ஈக பேடா. ஆமேலே நோடோணா." இப்போது வேண்டாமாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். படிக அமைப்பைப் பற்றிய பகுதி சரிதானே என்றார். அதுவும் சரியில்லை என்றேன், அந்த அளவுகளும் அதே பொடியில் எடுத்தவை. காந்தத்தைப் பற்றி அடுத்த கட்டுரையில் திருத்தி எழுதுவோம், பெண்ணின் பட்டம் முடியட்டும் என்றார். எல்லோருடைய புட்டியையும் திறந்து பார்த்தால் இந்தத் துறையில் பாதிக் கட்டுரை நிற்காது என்றும் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம்.

கோமதிக்கு ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்ற மாணவிக்கு எதைக் காட்டி நீட்டிப்பது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேச வசதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துறைத்தலைவர் சொன்னதையும் மறைக்கவில்லை. முதல் பெயர் அவளுடையது, அவள் கையெழுத்து இல்லாமல் நான் எதுவும் செய்யப்போவதில்லை என்றேன்.

அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஐந்து மாதிரிகளையும் மறுபடி செய்யலாம், செய்தால் ருத்தீனியம் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்றுதான் வரும். அதை எந்த இதழ் போடும், எத்தனை மாதத்தில் போடும்? அதுவரை வீட்டில்?

வராந்தாவில் யாரோ யாருக்கோ டீ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

"ரெண்டு பேரும் இத செஞ்சு பாக்காமலே இருந்திருந்தா, மேடம்?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"தினமும் இந்தப் படத்தப் பாத்துட்டுதான உங்க ரூமுக்குப் போவீங்க. வரிசையா செஞ்சியான்னு ஒரு நாள் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். ஐந்து மாதிரிகளையும் குலுக்கிப் போட்டு, முன்னே பின்னே செய்யச் சொல்லியிருக்கவேண்டும். மாணவியாக இருந்தபோது எனக்கு அப்படித்தான் கற்பித்தார்கள். நேராக வந்த கோடு எனக்கும் தேவைப்பட்டது. அதனால் கேட்கவில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். குடை எடுத்துப் போகவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். இரண்டே வாக்கியம். நாளை அவள் மாட்டேன் என்றால் என்ன செய்வேன்? அவளிடம் சொன்னதை மீறி, அவள் பேரில்லாமல் என் கையெழுத்தில் மட்டும் அனுப்புவேன் என்று இப்போது நினைக்கிறேன். அவள் அப்பா கும்பிட்டது நினைவுக்கு வருகிறது. நினைப்பதும் செய்வதும் வேறு வேறு. பார்க்கலாம்.

சாப்பாடு: தயிர்சாதம். ஊறுகாயில் பூஞ்சை.

ஆகஸ்ட் 5, வியாழன்

எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். நான் கதவைத் திறந்ததும் கடிதத்தைக் கேட்டாள். இரண்டு வாக்கியங்களையும் படித்தாள். "கவனக்குறைவு" என்று எழுதியிருந்த இடத்தில் அவள் பெயர் இல்லை, "நாங்கள்" என்றிருந்தது. பேனாவை எடுத்து "முதல் ஆசிரியர்" என்று திருத்தினாள். நான் அதை அடித்துவிட்டு மறுபடி "நாங்கள்" என்று எழுதினேன். அதற்குமேல் அவள் வாதாடவில்லை. கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். துறைத்தலைவர் போடமாட்டேன் என்றார், தடுக்கவும் இல்லை.

இதழுக்கு ஃபேக்ஸ் முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை போனது.

மாதக் கடைசிவரை வரலாமே, மாதிரிகளைச் சரியாகச் செய்து முடித்துவிடலாமே என்றேன். அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். என்ன சொன்னார்? சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாராம். ஓசூர் ரோட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். சான்றுக் கடிதம் ஒன்று வேண்டும்.

டைப் அடிக்க உட்கார்ந்தேன். ஐந்து வருடமாகத் தெரியும். நல்ல படிப்பு. கடின உழைப்பு. அடுத்த வரிக்கு நிறைய நேரம் ஆயிற்று. மிக நேர்மையானவர் என்று அடித்தேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அது வேணாம் மேடம். நேர்மைன்னு போட்டா என்னமோ நடந்திருக்குன்னு நெனப்பாங்க. கரெக்ட் டைமுக்கு வருவாள்னு போடுங்க."

அழித்துவிட்டு அப்படியே போட்டேன். கையெழுத்து, முத்திரை. வாங்கிக்கொண்டு போனாள்.