துத்தநாகத்துக்குப் பெயிண்ட் அடித்தவருக்கு

இன்று காலை கீசரைப் பிரித்துப் போட்டோம். தண்ணீர் சுடவில்லை என்று நம் மகள் கத்திவிட்டு பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடினாள். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக், அடிமூடியைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு கம்பியை உருவினார். கட்டைவிரல் தடிமனில் இருந்திருக்க வேண்டியது, எலி கடித்த கருவாடு மாதிரி வெளியே வந்தது.

"இது கரையறதாலதாம்மா டேங்கு பொழைச்சிக்கினு கீது. இத மாத்தவே இல்லியா நீங்கோ?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பயந்துபோய், "பெரிய ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மா" என்று சமாதானம் சொன்னார். கீசர் கம்பியைப் பார்த்து அழுகிறவளை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

இங்கே தங்கச் சுரங்கத்தை மூடியபோது நம் தெருவில் பாதிப் பேர் பெங்களூர் ரயில் ஏறினார்கள். நீங்கள் மட்டும் கோவாவுக்குப் போனீர்கள். அதுவரை கடலையே பார்க்காத மனிதர், பாய்மரப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர்! மழைக்காலத்தில்தான் படகுகள் கரைக்கு வரும் என்றீர்கள். கோடையில் வீட்டுக்கு வருவீர்கள், மாம்பழம் தின்பீர்கள், மேகம் கட்டினால் பை கட்டுவீர்கள். ஊரே மழை வேண்டும் என்று வானத்தைப் பார்க்கும்போது நான் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருப்பேன்.

முதல் வருஷத்துக் கூத்து நினைவிருக்கிறதா? படகின் அடியில், ப்ரொப்பெல்லர் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் வேறு வேறு உலோகம் ஒன்றாகக் கிடந்தால் அதில் ஒன்று அரித்துப்போகுமாம்; அந்த அரிப்பைத் துத்தநாகம் தான் வாங்கிக்கொண்டு கரையுமாம். நீங்களோ தங்க வயல் ஆள். பூமிக்கடியில் ஈரத்தில் இருக்கும் இரும்புக்கெல்லாம் பெயிண்ட் அடித்தே பழகிய கை. தண்டுக்கு இரண்டு கோட், துத்தநாகத்துக்கும் இரண்டு கோட், அழகாக அடித்து அனுப்பிவிட்டீர்கள்.

அடுத்த மழைக்குப் படகு திரும்பி வந்தது. அன்று போனில் சிரிக்கிறீர்களா அழுகிறீர்களா என்றே எனக்குத் தெரியவில்லை. "ஜிங்க்கு புதுப்பொண்ணாட்டம் அப்டியே கீதும்மே. ப்ரொப்பெல்லரு போயிடுச்சி. தட்டுனா பிஸ்கோத்து மாதிரி உதுருது." பட்டறை மேஸ்திரி திட்டவில்லையா என்று கேட்டேன். "திட்டல. 'அத மூடாத. வெறும் ஒடம்பா தண்டத் தொட்டுக்கினு இருக்கணும். நடுவுல பெயிண்ட்டு பூந்துட்டா அது சும்மா தொங்கும், அவ்ளோதான்'னாரு."

அதன்பிறகு உங்களுக்கு அதே பேச்சு. தொடுகிற இடத்தைப் பளிச்சென்று சுரண்ட வேண்டும், பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். ஒருநாள், "நானும் இந்தக் குடும்பத்துக்கு ஜிங்க்குதாம்மே" என்று பெருமையடித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாதி கரைஞ்சா உன்ன மாத்திக்க எந்தக் கடைக்குங்க போறது நானு?" என்று போனை வைத்துவிட்டேன். கோபத்தில் 'உன்ன'வும் 'ங்க'வும் சேர்ந்தே வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள், அடுத்த கோடை முழுக்க.

ஆனால் தொட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருந்த காலத்தில், பாறை வெடித்துத் தரை அதிர்ந்தால் நாங்கள் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவோம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "மேல வந்துட்டாரா?" தன் புருஷன் வந்துவிட்டாலும் கடைசி ஆள் வரும்வரை ஒருத்தியும் நகரமாட்டாள். கோவாவில் ஏது கேஜ்? படகுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, கையைக்கூடக் கழுவாமல் போன் செய்வீர்கள். "மேல வந்துட்டேம்மே." சாயங்காலம் அந்த ஒரு வார்த்தை கேட்டால்தான் எனக்கு அடுப்புப் பற்றும்.

போன கோடையில், "இந்த மழைக்குப் போகல" என்றீர்கள். நான் நம்பவில்லை. பையை நீங்களே பரணில் போட்ட பிறகுதான் நம்பினேன். வடை சுட்டுத் தின்று, ஓட்டில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடப்பதாகத் திட்டம். சுரங்கத் தூசி படிந்த நெஞ்சு அதற்குள் அவசரப்பட்டு நின்றுவிட்டது. முதல் மழை நீங்கள் போன மூன்றாம் நாள் பெய்தது. அந்த மழையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மெக்கானிக் புதுக் கம்பியை எடுத்தபோது, "மரையச் சுரண்டிட்டு மாட்டுப்பா, நல்லா தொட்டுக்கினு இருக்கணும்" என்றேன். சுரண்டி மாட்டினார். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. உங்களுக்குப் பிடித்த சூடு.

இப்போது சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டது. மகள் வேலை முடிந்து திரும்பி, நம் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியதும் போன் செய்தாள். நான் கேட்பதற்கு முன்பே, "மேல வந்துட்டேம்மா" என்றாள். ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குச் சிரிப்பாள். நீங்கள் போனபிறகு சிரிப்பதில்லை.

அடுப்பில் உலை வைத்துவிட்டேன். போனை மட்டும் இன்னும் கையிலிருந்து வைக்கவில்லை. இன்னும் ஓர் ஆள் மேலே வரவேண்டியிருக்கிறதே.