வீட்டுக்காரி சொன்ன சாட்சி

கப்பலூர்
தை 4, ஞாயிறு

அன்பு மகன் முகேஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்வது. ஜெர்மனியில் குடியுரிமைக்கு மனுப் போட நீ கேட்ட பிறப்புச் சான்றிதழ் இதோடு இருக்கிறது. பழைய சான்றிதழில் "ஆண் குழந்தை" என்று மட்டும்தான் இருந்தது, பெயர் இல்லை, இருபத்தாறு வருடமாக நம்மில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மூன்று முறை நடந்து உன் பெயரைச் சேர்த்து வாங்கினேன். அதை மட்டும் உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், அந்தப் பதிலையும் சேர்த்து அனுப்புகிறேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது. நம் இரண்டு குடும்பத்திலும் முதலில் காலேஜுக்குப் போனவள் என்று பெயர், வகுப்பில் மூன்று வருடமும் வாய் திறந்ததில்லை. எழுத மட்டும் வரும்.

"பின்னாடி இருக்கிற வடக்கத்திக்காரங்கள காலி பண்ணச் சொல்லும்மா, செவ்வாக்கிழமை விசாரணைக்குப் போகாத, பெரியப்பா சொல்றதக் கேளு" என்றாய். கண்ணுச்சாமி பெரியப்பா உனக்குப் போன் பண்ணி என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. நீ அவர்களைப் பார்த்ததில்லை, அதனால் முதலில் அவர்கள் யார் என்று சொல்கிறேன். நீ போன பிறகு நாம் கட்டிய பின்பக்கத்து அறையில் இரண்டு வருடமாக இருக்கிறார்கள். ரஞ்சன் மாஜி, அவன் மனைவி பாசந்தி, முதல் வகுப்பில் படிக்கிற மகள் லிப்பி. ஒடிசாவில் ஒரு மலையடிவாரம். இரண்டு பேரும் கப்பலூரில் சாக்குத் தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். வந்த அன்றைக்கு அவன் பெயரைக் கேட்டுவிட்டு உன் அப்பா, "மாஜியா, எந்தத் தொகுதி?" என்றார், அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் கும்பிட்டான். இப்போது அவனே தெருவில் எல்லாரிடமும், "நான் மாஜி இல்லண்ணே, இன்னும் வேலையிலதான் இருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறான். லிப்பி நம் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி ஒப்பித்துத் தட்டு வாங்கி வந்திருக்கிறாள். அவளைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் கெஞ்சுவது போல இருக்கும், வேண்டாம். நல்லவர்களாக இருப்பதால்தான் இருக்க விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

கார்த்திகையில் பெரியப்பா வீடு வீடாக வந்து, தை முதல் வடக்கத்தி ஆட்களுக்கு யாரும் வீடு கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன காரணம் எல்லாமே பொய் இல்லை. சுடலை அண்ணன் பதினைந்து வருடம் லோடு ஏற்றிய குடோனில் ஆடி மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள், அவர் இடத்தில் குறைந்த கூலிக்கு வடக்கே இருந்து ஆள் வந்துவிட்டது. அவர் பகலில் நம் தெருமுனையில் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன், பார்க்கவே முடியவில்லை. ஆனால் அவரே ஒரு நாள் என்னிடம், "கம்மிக் கூலிக்கு வந்தவனத் திட்டுறேன் தங்கச்சி, கம்மியாக்குனவங்கிட்ட நேத்தும் போயி வேல கேட்டுட்டு வாரேன்" என்றார். பெரியப்பா அந்தக் குடோன்காரர் வீட்டுக்கு ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை. நம் வீட்டுப் பின்பக்கம் அவருக்குப் பக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கிறது அல்லவா, ரஞ்சனும் பாசந்தியும் ஊரில் இருக்கிற தங்கள் ஓட்டை இந்த முகவரிக்கு மாற்ற விண்ணப்பம் கொண்டுவந்து, எழுதித் தரச் சொன்னார்கள். தமிழில் நானே அழகாக எழுதிக் கொடுத்தேன். அவள் பாசந்தி என்று சொன்னாள், நான் வசந்தி என்று எழுதினேன். தெருவில் சின்னப் பிள்ளைகள் அவளைப் பாசுந்தி, பாசுந்தி என்று பால் இனிப்புப் பெயரைச் சொல்லிக் கேலி பண்ணுவார்கள், அதனால் பக்கத்து வீட்டுக் கனகா முதல் எல்லாரும் வசந்தி என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தோம். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், வாக்காளர் அட்டையில் இருக்கிற பெயரைப் பார்க்காமலே எழுதிவிட்டேன். படித்தவள் செய்த வேலை. உன்னை அங்கே எல்லாரும் சிவக்குமார், சிவக்குமார் என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மேலதிகாரி திட்டும்போது அப்பாவைத் திட்டுவது போலவே இருக்கிறது என்று முதல் வருடம் சொல்வாயே, நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதையே இங்கே உட்கார்ந்து நான் ஒருத்திக்குச் செய்திருக்கிறேன். பெரியப்பா அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். இவர்கள் இங்கே நிலையாகக் குடியிருப்பவர்கள் இல்லை, பெயரை மாற்றி மோசடி செய்கிறார்கள் என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பாசந்தி அதை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, போலீஸா?" என்று கேட்டாள். என் எழுத்தால் வந்த நோட்டீஸ் அது. அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போகாதே என்றாய்.

நான் போனேன். அப்பா வரவில்லை, "பங்காளிக்கு எதிரா நான் எப்படித்தா நிக்க" என்று வண்டிச் சாவியை மட்டும் ரஞ்சனிடம் கொடுத்துவிட்டார். விசாரித்த அதிகாரி உன் வயதுப் பெண். பெரியப்பா வெள்ளை வேட்டியில் இரண்டு பேரோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண், பேர் வசந்தியா பாசந்தியா என்று கேட்டதும் பாசந்தி என்னைப் பார்த்துவிட்டு, "இங்க வசந்தி, அங்க பாசந்தி" என்றாள். அது உண்மைதான், ஆனால் பெரியப்பா உடனே, "பாத்தீகளாம்மா, அங்க ஒரு பேரு, இங்க ஒரு பேரு, ரெண்டு பக்கமும் ஓட்டுப் போடத்தானே" என்றார். பிறகு ரஞ்சன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க இவருக்கு யாரும்மா?" என்று கேட்டது அந்தப் பிள்ளை. வீட்டுச் சொந்தக்காரி என்று சொல்ல வேண்டியதை, "வீட்டுக்காரி" என்று சொல்லிவிட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. பெரியப்பாவோடு வந்தவர், "அப்ப எங்க சிவக்குமாரு யாரு?" என்றார். தமிழ் அவ்வளவு தெரியாத பாசந்திக்குக்கூட விளங்கிவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரிக்கிறாள், ரஞ்சன் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. இத்தனை வருடமாக எதற்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்தேனோ அது நடந்துவிட்டது, நடந்த பிறகும் நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் எனக்கு என்ன பயம் தம்பி. "சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா சொல்றேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அந்த விண்ணப்பத்தை எழுதியது நான், அவள் சரியாகச் சொன்னாள், தப்பாக எழுதியது என் கை, ஊரில் இருக்கிற ஓட்டை மாற்றத்தான் கேட்கிறார்கள், இரண்டு இடத்தில் கேட்கவில்லை, இரண்டு வருடமாக என் வீட்டில் இருக்கிறார்கள், இது வாடகைப் பத்திரம் என்று எடுத்து வைத்தேன். பெரியப்பா என் பக்கம் திரும்பி, "வந்தவுகளுக்கு இம்புட்டு வக்காலத்தா? அவுக என்ன இந்த ஊர்ல பொறந்தவுகளா?" என்றார். "நானும் இந்த ஊர்ல பொறக்கலையே அத்தான். பேரையூர்ல இருந்து வந்தேன். வந்த மூணாம் மாசமே ஓட்ட இங்க மாத்திக் குடுத்தது நீங்கதான். அன்னைக்கு நீங்க ஆட்சேபணை எழுதலையே" என்றேன். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகும் நம் தெருவில் என்னைப் பேரையூர்க்காரி என்றுதான் சொல்கிறார்கள், கனகா உசிலம்பட்டிக்காரி, பெரியப்பா வீட்டு அக்காவே கீழக்குயில்குடிக்காரி. இந்தத் தெருவில் அடுப்பு எரிய வைக்கிற ஒருத்திகூட இந்தத் தெருவில் பிறந்தவள் இல்லை, இது அந்த நிமிடம்வரை எனக்கே தோன்றியதில்லை. அந்த அதிகாரிப் பிள்ளை எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டி, கையெழுத்துக்குக் கீழே வீட்டு உரிமையாளர் என்று தெளிவாக எழுதச் சொன்னது, சொல்லும்போது அதுவும் லேசாகச் சிரித்தது. பழைய அட்டையில் உள்ள பெயரிலேயே ஓட்டை மாற்றிவிட்டார்கள், ஆட்சேபணை தள்ளுபடி என்று நேற்று தெரிந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. மாசிச் சாமி கும்பிட்டுக்கு வீட்டு ஆணுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்க வந்தவர்கள் பொங்கலன்று நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அப்பா வாசலில் நின்று கூப்பிட்டும் திரும்பவில்லை. வரி வாங்காவிட்டால் ஊரில் நாம் இல்லை என்று அர்த்தம், அது உனக்கும் தெரியும். அப்பா இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. நேற்றுதான், "ஒன்னயக் கட்டிக்கிட்டதுக்கு நல்லா வாங்கிக் குடுத்தடி" என்றார், கொஞ்ச நேரம் கழித்து ரஞ்சனைக் கூப்பிட்டு மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று இரண்டு பேருமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கனகா மட்டும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "யக்கா, பொம்பளைய எவனும் தலைக்கட்டுல சேக்கல, அப்பறம் நீக்குறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு" என்றாள். அவள் வீட்டுக்காரர் உள்ளே இருந்து சத்தம் போட்டதும் தலையை இழுத்துக்கொண்டாள். பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால் வரி வாங்கிக்கொள்வார்களாம், அதை உன் வாயால் எனக்குச் சொல்லச் சொல்லியிருப்பதாகக் கேள்வி. நீ சொல்ல வேண்டாம். நான் கேட்க மாட்டேன்.

உன்னிடம் நான் கேட்க வேண்டியது இருக்கிறது. அங்கே போன புதிதில் பதினான்கு வீடு பார்த்தேன், என் பெயரைக் கேட்டதும் பதில் வராது என்று அழுதாய். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் அந்த ஊரில் முகவரியைப் பதிவே செய்ய முடியாது என்றாய். ஒரு கிழவி கையெழுத்துப் போட்டாள், நான் முகம் பார்க்காத அந்த அம்மாவுக்காகத் திருப்பரங்குன்றத்தில் அர்ச்சனை பண்ணினேன். அவள் பிள்ளையும் எங்கேயாவது தூரத்தில் இருந்துகொண்டு, கையெழுத்துப் போடாதே அம்மா என்று அவளுக்குப் போன் பண்ணியிருப்பானோ என்று இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ என் பிள்ளை, உன்னைத் திட்ட எழுதவில்லை. ஆனால் அந்த நாட்டுக்காரனாக ஆகப்போகிறவன் இந்தத் தெருவில் யார் இருக்கலாம் என்று எனக்குச் சொல்லித் தருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் மனு ஜெயித்தால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பட்டியலில் இருக்கிற உன் பெயரையும் எடுக்க வேண்டும். இந்த வீட்டு முகவரியில் பாசந்திக்கு ஓட்டு இருக்கும், உனக்கு இருக்காது. குத்திக்காட்டவில்லை, நடக்கப்போவதை எழுதுகிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் உன் மனுவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, சான்றிதழை வாங்கிக் கையோடு அனுப்புகிறேன். நல்லபடியாகக் குடியுரிமைப் பரீட்சை எழுது, ஜெயித்து வா, அந்த ஊரில் தலை நிமிர்ந்து நட, உனக்குப் பின்னால் வருகிறவன் வீடு தேடி அலையும்போது அவனோடு நீயும் போய் நில். சாமி உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும்.

சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டுவிடாதே, மேலே முத்திரை வைக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலுக்குக் கம்பளி உறை போட்டுத் தூங்கு. அடுத்த தடவை நீ வரும்போது விசா வாங்கித்தான் வர வேண்டியிருக்கும், இந்தியாவில் யாரைத் தெரியும் என்று அந்த விண்ணப்பத்தில் கேட்பார்களாம். என் பெயரைப் போடு. யார் வந்து விசாரித்தாலும் இது இவன் வீடு என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சி. தமிழ்ச்செல்வி