நீளப் பெட்டி

1955 பெப்ரவரி 3

காலையிலேயே இவரோடு சண்டை. கம்பளியை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொண்டும் இவருடைய கால் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. "கொஞ்சம் மடக்கிப் படுத்தா என்னவாம்?" என்றேன். "செத்தவங்களையே காலை நீட்டிப் படுக்க வைக்கிறேன். உசிரோட இருக்கிற நான் மடக்கணுமா?" என்கிறார். சவப்பெட்டி செய்கிறவரைக் கட்டிக்கொண்டால் விடிந்ததும் இப்படிப் பேச்சுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மத்தியானம் ஆள் வந்தது. கடைவீதியில் மூட்டை தூக்கும் மூக்கன் போய்விட்டாராம். அவரும் இவரும் ஒரே உயரம். இருவரும் சேர்ந்து நடந்தால் இரண்டு லைட் கம்பம் போகிறது என்று நான்தான் கேலி செய்வேன். இவர் கயிற்றை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போனார். அளந்த கயிற்றை எப்போதும் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார். ஒருவரை அளந்த கயிற்றால் இன்னொருவரை அளக்கமாட்டார். நான் பெட்டிக்குள் தைக்க வெள்ளைத் துணி வெட்டினேன்.

பெப்ரவரி 4

பெட்டியைக் கொண்டுபோன இவர் பெட்டியோடு திரும்பி வந்தார். பட்டின சபை ஆள் வழியில் மறித்துவிட்டானாம். புதுத் தீர்மானம் — இந்தப் பட்டினத்தில் பெட்டி விற்கும் உரிமை சுப்பிரமணியம் முதலாளி ஒருவருக்கே குத்தகை. அவருடைய சீட்டு இல்லாத பெட்டி சபை மயானத்துக்குள் நுழையக்கூடாது. சுகாதாரத்துக்காகவாம். எங்கள் பலகையில் என்ன நோயைக் கண்டார்கள்? முதலாளி, சபைச் சேர்மனின் மைத்துனர் என்பதை மட்டும் தீர்மானத்தில் எழுதவில்லை.

முதலாளியின் பெட்டிகள் கொழும்பிலிருந்து ஒரே அளவில் வருகின்றன. மூக்கனை முழங்காலை மடக்கித்தான் உள்ளே வைத்தார்கள். இவர் ராத்திரி சாப்பிடவில்லை.

பெப்ரவரி 21

ஹட்டனுக்குப் போய்க் கோர்ட்டு வக்கீல், ஒரு புரொக்டரைப் பார்த்தோம். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரன் ஆள் சேர்த்துக்கொண்டு எங்கள் பிழைப்பை மறித்தால் வழக்குப் போட ஏதாவது வழி பார்க்கலாமாம். "சபையே தீர்மானம் போட்டு ஒருத்தருக்குக் குடுத்தா அதை வியாபாரம்னு சொல்ல முடியாதுங்க. அது ஆட்சி. கோர்ட்டு அதுல லேசுல கை வைக்காது" என்றார்.

"அப்ப யாருதாங்க கை வைக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்கதான். அடுத்த தேர்தல்ல ஓட்டுப் போட்டு ஆளை மாத்துங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு இவரே சொன்னார்: "எங்களுக்கு ஓட்டு இல்லீங்க. பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டோம், இந்தியாக்காரங்கன்னு தள்ளிட்டாங்க." புரொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.



ஏப்ரல் 9

ஜன்னல் சட்டம், கோழிக்கூடு, இப்படி ஏதோ வேலை வருகிறது. மூக்கனுக்குச் செய்த பெட்டி பட்டறை மூலையில் நிற்கிறது. "அரிசியாவது கொட்டி வைப்போமே" என்றேன். எப்போதும் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை.

ஜூன் 26

விடாத மழை. இவருக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்.

ஜூலை 1

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கால் வெளியேதான்.

ஜூலை 2

போய்விட்டார்.

ஜூலை 6

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அந்த நீளப் பெட்டி வீட்டிலேயே இருந்தது. அவர் இழைத்தது, நான் துணி தைத்தது. அதில்தான் அவரை வைப்பேன் என்று நின்றேன். சபை மயானத்துக்குப் பொறுப்பான ஓவசியர் முடியாது என்றார். நாங்கள் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்து மண்ணில் புதைக்கலாமா என்று கேட்க என் தம்பி செல்லசாமி ஓடினான். பட்டறை போட வெளியே வந்தபோதே தோட்டப் பதிவில் பேரை வெட்டியாச்சு, பேர் இல்லாதவர்களுக்கு இங்கே குழி இல்லை என்று தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டார். மறுபடி ஓவசியரிடம் போய்க் காலில் விழுந்தேன். "எந்திரிங்கக்கா, சீட்டு இல்லாம உள்ள விட்டா என் வேலை போயிரும்" என்று அவரும் அழுதார். யாரைப் போய்த் திட்டுவது?

முதலாளி பெட்டியைத்தான் வாங்கினோம். வேற என்ன செய்ய, மழையில எத்தனை நாளு போட்டு வைக்க?

மடக்கும்போது என்னை வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. நான்தான் முழங்காலைப் பிடித்துக் கொடுத்தேன். ஏங்க, நான்தாங்க மடக்கினேன். கம்பளிக்காக உங்களோட எத்தனை காலம் சண்டை போட்டேன். இப்ப யாருகிட்ட போயி நீட்டிக்கங்கன்னு சொல்லுவேன்?

செப்டம்பர் 18

கம்பளி முழுவதும் எனக்கே. தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 14

சபைத் தேர்தலில் சேர்மன் தோற்றார். மேல்வீதிக் கடைக்காரர் ஒருவர் தன் தாயாருக்கு முதலாளியிடம் வாங்கிய பெட்டியின் அடி, பாதி வழியில் விட்டுப்போனதாம். ஓட்டு உள்ளவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். புதுச் சபையின் முதல் கூட்டத்திலேயே குத்தகை ரத்து. இனி யாரும் பெட்டி செய்யலாம், விற்கலாம். புரொக்டர் சொன்னது சரிதான். ஓட்டு இருந்தால் மாற்றலாம்.

டிசம்பர் 29

விடியற்காலையில் அழகுமுத்து வந்து வாசலில் நின்றார். டிப்போவில் லாரி கழுவுகிறவர். மனைவி நாகலெட்சுமி போய்விட்டாளாம். பட்டறை மூலையைப் பார்த்தார். "அந்தப் பெட்டியக் குடுங்கக்கா" என்றார்.

"அது பெரிசுப்பா. நாகு சின்ன உருவமாச்சே."

"பரவால்லக்கா."

"பரவால்லன்னு சொல்லாத" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனார். புதுக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரோடு போய் நாகுவை அளந்தேன். திரும்பி வந்து பெட்டியைப் படுக்கப்போட்டு, கால் பக்கப் பலகையைக் கழற்றி, நீளப் பலகைகளை என் வீட்டுக்காரரின் தச்சு வாளால் அறுத்தேன். எனக்குக் கை பழகவில்லை. கோணலாகப் போனதை இழைத்துச் சரிசெய்து, பலகையைத் திரும்ப அடித்தேன். உள்ளே துணியைச் சுருக்கித் தைத்தேன். கயிற்றைத் தலைமாட்டில் போட்டுக் கொடுத்தேன்.

நாகு சரியாகப் படுத்திருந்தாள் என்று அழகுமுத்து சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அறுத்த துண்டுகள் பட்டறையில் கிடக்கின்றன. அன்று முதலாளி பெட்டியில் அவருக்குக் குறைந்த நீளமும் ஏறக்குறைய இவ்வளவுதான். அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.