அடகுப் பிரிவில் ஒரு வாரம்

ஜூன் 2, திங்கள்

எங்கள் ஊர் எல்கடுவயில் காலையிலேயே மழை. பஸ்ஸில் இடமில்லை. சேலைக் கரை சேறு.

வங்கியில் இன்றிலிருந்து அடகுப் பிரிவு. தங்கம் சோதிக்க உரைகல், அமிலம், சின்னத் தராசு. பிரிவுக்குப் பொறுப்பு நிலந்தி அக்கா. தமிழ் கொஞ்சம், சிரிப்பு நிறைய. அமிலப் போத்தலைத் திறந்ததும் கம்பஸ் ஆய்வுகூட வாசனை. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து நேர்முகத்துக்கு வருகிறார்கள். தேறினால் பயிலுநர் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீடு. ஆசிரியர் நியமனத்தை வேண்டாம் என்று விட்டு வந்தவள் நான், திரும்பிப் போக அதுவும் இல்லை. அப்பா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இன்று காலை சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு அடகுக் கடைக்குப் போறாங்க."

வங்கி, அப்பா. கடை இல்லை. (மனதுக்குள்தான் சொன்னேன்.)

ஜூன் 3, செவ்வாய்

வாங்க: குடை, சேலைப் பின், அம்மாவுக்கு இருமல் மருந்து.

மிளகு வியாபாரி ஒருவர், மாத்தளை டவுன் ஆள், மனைவியின் வளையலோடு. நான் உரைப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "மகள், உங்கட கல்லு பொய் சொல்லாதா?" என்றார். கல் சொல்லாது, கை சொல்லும் என்றேன். நிலந்தி அக்காவுக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்தும் காட்டினேன். பெரிய மேதாவி.

நேர்முகத்துக்கு ஆங்கிலப் பதில் மனப்பாடம். "பகுப்பாய்வுத் திறன்" என்பதற்கு வரும் சொல்லில் நாக்கு சிக்குகிறது.

ஜூன் 4, புதன்

எழுதவே வெட்கம்.

தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர், நாற்பது வயதிருக்கும். கைக்குட்டையில் சுற்றிய தாலி. கழுத்தில் புது மஞ்சள் கயிறு, தாலிக்குப் பதிலாக மஞ்சள் துண்டு கட்டி. தாலியின் இடுக்கெல்லாம் பழைய மஞ்சள் அப்பியிருந்தது. அப்படியே உரைக்க முடியாது. ஆய்வுகூடப் பழக்கம், மாதிரியைச் சுத்தம் செய்துதானே சோதிக்க வேண்டும். கை கழுவும் சோப்பை ஈரத் தாளில் தொட்டுத் துடைத்தேன், அவர் கண்முன்னாலேயே.

தாள் இரத்தச் சிவப்பு.

மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். ஓ.எல். படிக்கிற பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு, பட்டதாரிக்கு, அந்த நேரம் தோன்றவில்லை.

"மிஸ்... தாலில ரத்தம்."

விளக்கினேன். காரம், நிறமாற்றம் என்று என்னென்னவோ. பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா நான் கண்ணால பார்த்துட்டேனே. இன்னிக்கு வேணாம் மிஸ்."

தாலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். நேரே எதிர்ப்பக்கத் தனியார் அடகுக் கடைக்குள் நுழைந்தார். என் மேலேயே அப்படி ஒரு கோபம்.

ஜூன் 5, வியாழன்

முகாமையாளர் சேர் கூப்பிட்டார். திட்டவில்லை. வாடிக்கையாளரின் நகையை நாம் கழுவுவதில்லை, அவர்களையே துடைத்துத் தரச் சொல்ல வேண்டும் என்றார். நாளைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். அத்தோடு என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஒருத்தி தாலிய இன்னொருத்தி கழுவலாமா?" நிலந்தி அக்காவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எனக்குமா? அப்பா அடுப்படியில், தேத்தண்ணியோடு, முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜூன் 6, வெள்ளி

மழை விட்டது. நேர்முகம். இரண்டு பேர். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தமிழர் ஒருவர், ஒரு சிங்கள மெடம்.

இரசாயனவியல் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு? மனப்பாடப் பதிலில் முதல் வசனம் வந்தது, இரண்டாவது வரவில்லை. மெடம் புதன்கிழமை விஷயத்தை எடுத்தார். அந்த அம்மா எங்கே போனார் தெரியுமா என்று கேட்டார். எதிர்க்கடைக்கு என்றேன். பிறகு நான் நினைக்காததெல்லாம் வாயிலிருந்து வந்தது. என் ஏ.எல். பரீட்சை டியூஷனுக்காக எங்கள் அம்மாவின் தாலியும் அப்படி ஒரு கடைக்குத்தான் போனது, அது திரும்பவில்லை, வங்கிக்குள் வர அம்மாவுக்குப் பயம், சிங்களத்தில் ஏதாவது கேட்பார்கள் என்று. என் குரல் உடைந்துவிட்டது. அவமானம். மெடம் தண்ணீர்க் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

பின்னேரம் சேர் சொன்னார், நிரந்தரம். இன்னும் ஆறு மாதம் இதே அடகுப் பிரிவு. நிலந்தி அக்கா கட்டிப்பிடித்தார். கழிவறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்தேன். எடுத்தது அப்பா. கிடைத்துவிட்டது என்றேன். நேர்முகத்தில் அம்மாவின் தாலியைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

"அந்தக் கடைக்கு அதைக் கொண்டுபோனது நான்தான் புள்ள. ஒங்கம்மா வெளிய ரோட்டுல நின்னா."

இவ்வளவு காலமும் அம்மாவே கொண்டுபோனதாகத்தான் நினைத்திருந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை.

"அந்தப் பொம்பள திரும்ப வந்தா, உக்கார வச்சுப் பேசு," என்றார்.

சரிப்பா என்றேன். அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.