மரத்தில் வெள்ளை எண்

செவ்வாய், இரவு.

மரங்களை வெட்டாமல் வைத்திருந்தால் பணம் தரும் காலநிலைத் திட்டத்துக்கு நிதி கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல அம்பூரி போயிருந்தேன். ஊர்க்காரர்கள் தங்கள் ரப்பர் மரங்களை பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் பதிந்திருக்கிறார்கள். பதிந்ததை யாரும் அழிக்க முடியாதாம், அதுதான் பெருமை. அவர்களில் ஒருவரான ஞானதாஸ் அண்ணனின் விளையில், அதாவது தோட்டத்தில், மரத்துக்கு மரம் வெள்ளை பெயிண்டில் எண். திட்டத்துக்காக எழுதியது என்று நினைத்து, சந்தோஷமாகப் படம் எடுத்தேன்.

"அது மரத்தடி வாங்கின ஆளு போட்ட நம்பராக்கும், மேடம். பாலு வத்திப்போச்சு. அடுத்த ஆழ்ச்ச முறிக்கணும்."

"அடுத்த வாரம் வெட்டப்போற மரத்தைப் பிறகு எதுக்கு அண்ணே பதிஞ்சீங்க?"

"நிக்கிற மரத்த எல்லாம் பதியணும்னுதானே சொன்னது? இப்பம் நிக்குதுல்லா?"

அவர் பொய் சொல்லவில்லை. இதை அறிக்கையில் எழுதினால் ஊருக்கே நிதி கிடைக்காது. எழுதாமல் எப்படி?

போனில் அந்தப் பதிவேட்டைத் திறந்தால் அவருடைய மரங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிகின்றன. வெட்டிய பிறகும் அப்படியே இருக்கும்.