இரண்டு அங்குலம்

கேட்டி, டெக்சஸ்
அக்டோபர் 5, 2025

அன்புள்ள எழில்,

நலம்தானே? வசந்தாமணியும் பிள்ளைகளும் சுகமா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை, மெசேஜைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உன் தங்கை வீட்டுத் தபால்பெட்டியை மட்டும் உன்னால் பிளாக் பண்ண முடியாது. அதனால்தான் காகிதம்.

நேற்று நம் ஆர்யனின் ரைஃபிள் பெட்டியைத் திறந்தேன். அவன் போன இந்த இரண்டு வருஷத்தில் இதுவே முதல் தடவை. நவம்பர் முதல் தேதி மான் வேட்டை சீசன் தொடங்குகிறது. நானும் அவனும் உட்கார்ந்த அதே இடத்தில் இந்த வருஷமாவது ஒரு காலை உட்கார வேண்டும், அவன் துப்பாக்கியால் ஒரு குண்டாவது சுட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

திறந்தால் குழலின் வாயெல்லாம் துரு. அன்றைக்கு ஆயுத பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து, உள்பக்கத்தை அரித்துவிட்டன. துப்பாக்கி பழுது பார்க்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அந்த வெள்ளைக்காரருக்குச் சந்தனம் என்றால் என்னவென்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குண்டு வெளியேறும் வாய் கெட்டுப்போனால் குறி தப்புமாம். நுனியில் இரண்டு அங்குலம் வெட்டி எடுத்தால் பழையபடி சுடலாம், இல்லையென்றால் சுவரில் மாட்டிக்கொள் என்கிறார். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஈரச் சந்தனத்தை இரும்பில் அப்பிவிட்டு, மறுநாள் வரை துடைக்கக் கூடாது என்று நீதானே சட்டம் போட்டாய்? கோபமாகச் சொல்லவில்லை. வெட்டலாமா, வேண்டாமா? எனக்குத் தனியாக முடிவெடுக்கத் தைரியம் இல்லை.

தைராய்டு மாத்திரையை மறக்காதே.

உன்
சேனாபதி


பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
அக்டோபர் 12

ஆர்யன் அப்பாவுக்கு,

நலம். மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

துருவுக்கும் நான்தான் காரணமா? நல்லது, இருக்கிற பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தனம் வைத்தது நான் இல்லை. நீங்கள் வெளியே அவன் கார் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் தையல் மெஷின், டிரில்லிங் மெஷின், உங்கள் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அந்தத் துப்பாக்கியை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் அதை அவனுக்கு வாங்கிக் கொடுத்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் ஆகாது. அவன் பார்த்துவிட்டான். "அம்மா, தட்ஸ் நாட் ஃபேர்" என்று கிண்ணத்தில் விரலை விட்டான். நெற்றியில் வைடா என்றால், "விச் எண்ட் இஸ் த நெற்றி?" என்று கேட்டுக் குழலின் வாயிலேயே அப்பினான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி கும்பிட வாடா என்று பத்துத் தடவை கூப்பிட வேண்டிய பிள்ளை, தானாக வைத்த ஒரே பொட்டு அது. துடைக்காதே, நாளை வரை இருக்கட்டும் என்று சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். நாளை என்று ஒன்று இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

வெட்டாதீர்கள். அவன் விரல் பட்டது அந்த இரண்டு அங்குலத்தில்தான்.

ஆஸ்டினுக்கு, காலேஜுக்குத் திரும்பும் வழியில் டிரக் மோதி அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னீர்கள்: "பூஜை பூஜைன்னு இவதான் அவனை வரவழைச்சா." நான் மறுக்கவில்லை. கூப்பிட்டது நான்தான், கூப்பிட்டதும் வந்தான். காலையில் கண் விழித்ததும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாமல் போனதும் அதனால்தான். உங்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. குழலை மட்டும் விட்டுவிடுங்கள்.

எழிலரசி


கேட்டி
அக்டோபர் 18

எழில்,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாக ஆபீஸ் போகவில்லை. இதை எழுதாவிட்டால் இனி எப்போதும் எழுத மாட்டேன்.

நீ கூப்பிட்டபோது அவன் பிடிகொடுக்காமல் பேசியது ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் எனக்கு போன் பண்ணினான். மிட்டெர்ம் பரீட்சை இருக்கிறது, வர முடியாது, அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான். நான் உன்னிடம் சொல்லவில்லை. "சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்ச்ல இடம் கிடைச்சிருக்குடா, சீசனுக்கு முன்னால உன் ரைஃபிளை ஒரு தடவை சுட்டுப் பார்த்துடலாம், வா" என்றேன். உடனே "ஷ்யூர் அப்பா, ஐ வில் கம்" என்றான். அம்மாகிட்ட, நீ கூப்பிட்டேன்னுதான் வந்தேன்னு சொல்லு, சந்தோஷப்படுவா என்று நானே சொல்லிக்கொடுத்தேன்.

டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டியபோது, நான் கூப்பிட்டேனே, நான் கூப்பிட்டேனே என்பதுதான் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் உன் பெயர் வந்துவிட்டது. பிறகு திருத்தத் தைரியம் வரவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றும் வாசலில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. நான் கோழை, எழில். உன்னைக் கண்ணெடுத்துப் பார்க்க முடியாமல்தான் உன் மேல் எரிந்து எரிந்து விழுந்தேன்.

குழலைப் பற்றி இனி நான் பேசக் கூடாது. நீ சொல்கிறபடி செய்கிறேன். முடிந்தால் மன்னித்துவிடு.

சேனாபதி


கேட்டி
அக்டோபர் 30

அன்புள்ள எழில்,

பதில் வரவில்லை. பெரியவரிடம் சொல்லி, வெட்டாமல் அப்படியே வாங்கி வந்துவிட்டேன். நாளை மறுநாள் சீசன். நான் போகவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது. டிசம்பர் லீவில் நான் அங்கே வரட்டுமா? வசந்தாமணி வீட்டுக்குள் வர மாட்டேன். வெளியில் எங்காவது உட்கார்ந்து பேசலாம்.

உன்
சேனாபதி


பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 9

ஆர்யன் அப்பாவுக்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. என் மேல் தப்பில்லை என்று நீங்களே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். "இப்பவாவது நிம்மதியா இரு அக்கா" என்று வசந்தாமணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

குழலை வெட்டிவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னதை மறந்துவிடுங்கள். அவன் அதைச் சுடத்தான் வந்தான். அதைப் பூட்டி வை என்று சொல்ல நான் யார்? சீசன் முடிய இன்னும் நாள் இருக்குமே, போய் உட்காருங்கள்.

டிசம்பரில் வர வேண்டாம். அன்றைக்கு வாசலில் சொல்லியிருந்தால் பெட்டியைக் கீழே வைத்திருப்பேன். உங்களையும் தேற்றியிருப்பேன், சத்தியமாக. யார் கூப்பிட்டாலும் பிள்ளை வரத்தானே செய்வான் என்று சொல்லியிருப்பேன். இப்போது அதைச் சொல்ல என்னிடம் தெம்பில்லை.

இந்த இரண்டு வருஷமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஆனாலும் அந்தப் பாவத்துக்குள் எனக்கென்று ஒன்று இருந்தது. அம்மா கூப்பிட்டாள் என்பதற்காக என் பிள்ளை இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். அதை நினைத்துத்தான் எழுந்தேன், குளித்தேன், வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஷூவைக் கழற்றும்போதே, "நீ கூப்பிட்டேன்னுதான் வந்தேம்மா" என்றான். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை தமிழில் சொல்கிறானே என்று பூரித்துப் போனேன். அதுவும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததாம்.

இனி எழுதாதீர்கள்.

எழிலரசி